கடைசியில் பிறந்த கன்றுகள்தான் ஏன் சாகின்றன?

கேள்வி: தாராபுரம் தாலுகாவில் மூலனூர்ப் பக்கம் எங்கள் பண்ணையம். கிளுவை வேலி போட்டு மூன்றாகப் பிரித்த கொறங்காடு, அதாவது மேய்ச்சல் நிலம், ஒன்பது ஏக்கர், காங்கயம் பசு ஐந்து, ஜெர்சிக் கலப்பினம் மூன்று. போன வருடம் ஐப்பசிக்கும் மார்கழிக்கும் நடுவே ஏழு கன்று பிறந்தது. முதல் நான்கும் நன்றாக இருக்கின்றன. ஐந்தாவது, பிறந்த நான்காம் நாள் வெள்ளையாகக் கழிந்து செத்துப்போனது. ஆறாவது ஒன்பதாம் நாள் போனது. ஏழாவது, ஒரு கிடேரியின் தலையீத்துக் கன்று. நாலு பேர் சேர்ந்து இழுத்து எடுத்தார்கள், உயிரில்லை. எல்லாக் கன்றையும் வீட்டை ஒட்டிய ஒரே கட்டுத்தரையில்தான் கட்டுகிறோம். மழையும் குளிரும்தான் காரணம் என்கிறார் கணவர். இளங்கொடி (நஞ்சுக்கொடி) விழாமல் கன்றுக்கு மடி காட்டக் கூடாது என்கிறார் அத்தை. வருகிற ஐப்பசியில் தொடங்கி மறுபடி ஆறு மாடு ஈனப்போகிறது. ஈனும்போது எவ்வளவு நேரம் பொறுக்கலாம்? கழிச்சல் வராமல் எப்படிக் காப்பது? வந்தால் வீட்டில் என்ன செய்வது? இன்னொன்று, காங்கயம் காளையின் சினை ஊசி என்று சொல்லித்தான் போட்டார்கள், கன்று சிவப்பாகப் பிறந்திருக்கிறது. ஏமாந்துவிட்டோமா?
ஒரு வாசகி, திருப்பூர் மாவட்டம்.

பதில்:

சிவப்புக் கன்றை முதலில் முடித்துவிடுவோம், அது ஒன்றுதான் நல்ல சேதி. காங்கயம் கன்று பிறக்கும்போது செந்நிறமாகத்தான் இருக்கும். ஏறக்குறைய ஆறு மாதத்தில் சாம்பல் நிறத்துக்கு மாறிவிடும். உங்களை யாரும் ஏமாற்றவில்லை அம்மிணி.

இனி செத்துப்போன கன்றுகளுக்கு வருகிறேன். முதல் நான்கும் பிழைத்தன, கழிச்சலில் போனவை ஐந்தாவதும் ஆறாவதும் என்று நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த வரிதான் முக்கியமாகப் படுகிறது. மழையும் குளிரும்தான் காரணம் என்றால் ஐப்பசி அடைமழையில் பிறந்தவை அல்லவா முதலில் போயிருக்க வேண்டும்? மழைக்குப் பங்கே இல்லை என்று சொல்லவில்லை. ஈரத்தரையில் கிருமி அதிக நாள் உயிரோடு கிடக்கும், நனைந்த கன்றுக்கு உடம்புச் சூடு சீக்கிரம் இறங்கும். ஆனால் நான் சந்தேகப்படுவது உங்கள் கட்டுத்தரையை.

கன்றுக் கழிச்சலுக்குக் காரணமான ஈ.கோலை பாக்டீரியா, ரோட்டா வைரஸ், மாட்டுக்கென்றே உள்ள ஒரு கொரோனா வைரஸ் (மனிதரைப் படுத்திய கோவிட் இல்லை), கிரிப்டோஸ்போரிடியம் என்ற நுண்ணுயிர் ஆகியவை நல்ல ஆரோக்கியமான தாய்ப்பசுவின் சாணத்திலேயே கொஞ்சம் கொஞ்சம் இருக்கும். அவற்றால் அதற்கு ஒன்றும் ஆகாது. முதல் கன்று சுத்தமான தரையில் விழுகிறது, மிகக் குறைவான கிருமிதான் வாய்க்குள் போகிறது. அதற்கு நோய் வராமல் போகலாம், ஒருநாள் லேசாக இளகிப் போய்ச் சரியாகவும் ஆகலாம். ஆனால் அதன் குடலுக்குள் அந்தக் கிருமி கோடிக்கணக்கில் பெருகிச் சாணத்தோடு தரைக்கு வந்துவிடுகிறது. இரண்டாவது கன்றுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாகப் போகும். இப்படியே ஐந்தாவது கன்று பிறக்கிற நேரத்தில் அந்தத் தரை முழுக்கக் கிருமி ஊறிக் கிடக்கும். பிறந்த அன்றே எழுந்து நிற்க முயன்று விழுந்து, கண்டதையெல்லாம் நக்கி, சாணம் ஒட்டிய காம்பைத் தேடிச் சப்பும் கன்றுக்குத் தப்பிக்க வழியே இல்லை. பிறந்து ஐந்து நாளைக்குள் வரும் கழிச்சல் பெரும்பாலும் ஈ.கோலையால் வருவது, ஒரு வாரத்துக்குப் பிறகு வருவது ரோட்டா, கொரோனா, கிரிப்டோ இவற்றால். உங்கள் நான்காம் நாள் கன்றும் ஒன்பதாம் நாள் கன்றும் இந்தக் கணக்குக்குப் பொருந்துகின்றன. சாணத்தைச் சோதிக்காமல் எந்தக் கிருமி என்று அடித்துச் சொல்ல முடியாதுதான். இங்கே அது அவ்வளவு முக்கியமும் இல்லை, ஏனென்றால் செய்ய வேண்டியது ஒன்றேதான்.

அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாநிலத்தில் சாண்ட்ஹில்ஸ் என்று மணல்மேட்டுப் புல்வெளி ஒன்று இருக்கிறது. அங்கே குடும்பம் குடும்பமாக நூற்றுக்கணக்கில் இறைச்சி மாடு வளர்க்கிறவர்களுக்கும் இதே தொல்லைதான், பருவம் பிந்தப் பிந்தக் கன்று செத்துக்கொண்டே போகும். அந்த மாநிலப் பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவர்கள் மருந்தைத் தேடாமல் மாட்டை நகர்த்தச் சொன்னார்கள். முதல் இரண்டு வாரம் எல்லாச் சினைமாடும் ஒரு புல்வெளியில் இருக்கும். அதற்குள் ஈன்றவை கன்றோடு அங்கேயே நிற்க, இன்னும் ஈனாத மாடுகளை மட்டும் அடுத்த புல்வெளிக்கு ஓட்டிவிடுவார்கள். ஒரு வாரம் கழித்து மறுபடி ஈனாதவை மட்டும் அதற்கடுத்த வெளிக்குப் போகும். இப்படிச் செய்தால் ஒவ்வொரு கன்றும் தன் வயதுக் கன்றுகளோடு மட்டும் இருக்கும், புதிதாகப் பிறப்பது எப்போதும் சுத்தமான மண்ணில் பிறக்கும். கடைசிக் கன்றுக்கு நான்கு வாரம் ஆன பிறகு எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளலாம். இந்த முறைக்கு அந்த ஊரின் பெயரையே வைத்துவிட்டார்கள், சாண்ட்ஹில்ஸ் முறை என்று.

அவர்கள் கம்பி வேலி போட்டுச் செய்ததற்கு உங்கள் வீட்டுப் பெரியவர்கள் கிளுவை நட்டு ஏற்கெனவே வசதி செய்து வைத்திருக்கிறார்கள். மூன்று கொறங்காடு இருக்கிறது, ஆறு மாடுதான். ஆவணியிலிருந்தே ஒரு காட்டை அடைத்துப் போட்டுவிடுங்கள், மாடும் ஆடும் நுழைய வேண்டாம். அடைத்த காட்டில் கொழுக்கட்டைப் புல்லும் கொஞ்சம் தேறி நிற்கும். ஐப்பசியில் முதலில் ஈனும் மாடுகள் இரண்டாவது காட்டில் ஈனட்டும். இரண்டு மாடு ஈன்றதும் மீதியை, அதாவது இன்னும் ஈனாதவற்றை, அடைத்து வைத்த காட்டுக்கு மாற்றுங்கள். ஈன்றவையும் கன்றும் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். மூன்றாவது காடு கார்த்திகைக் கடைசியில் ஈனுகிறவற்றுக்கு. பழக்கத்தில் எல்லோரும் தாயையும் கன்றையும் நல்ல புல்லுக்கு ஓட்டிவிட்டுச் சினைமாட்டைப் பழைய இடத்திலேயே விட்டுவைப்பார்கள். நீங்கள் அப்படியே தலைகீழாகச் செய்யுங்கள்.

கொட்டகையில் கட்டிக் கறக்கும் ஜெர்சிக் கலப்பினத்துக்கு இவ்வளவு இடம் கிடைக்காது. அவற்றுக்கு வெள்வேல மரத்தடியில் தண்ணீர் நிற்காத மேட்டில் தனியாக ஓர் இடம் ஒதுக்கி, மேலே ஒரு தார்ப்பாய், கீழே காய்ந்த வைக்கோலோ சோளத்தட்டோ பரப்பினால் போதும். ஒரு மாடு ஈன்றதும் அந்தப் படுக்கையை வாரி எருக்குழியில் போட்டுவிட்டு, அடுத்த மாட்டுக்கு நாலு முழம் தள்ளி வேறு இடம். பழைய கட்டுத்தரையில் மேல்மண்ணை வெட்டி எடுத்துவிட்டு வெயில் படும்படி திறந்து போடுங்கள். இந்தப் பருவம் முழுக்க அங்கே கன்று கட்ட வேண்டாம். பிளீச்சிங் பவுடர் தூவினால் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், கிரிப்டோ அதற்கு அடங்குகிற சாதி இல்லை. அதைக் காயப்போட்டுத்தான் கொல்ல வேண்டும். அது மனிதருக்கும் தொற்றும் என்பதால் கழிகிற கன்றைத் தொட்ட கையோடு யாரும் குழந்தையைத் தூக்க வேண்டாம்.

காட்டில் ஈனவிடுவதில் ஒரு கவலை உண்டு. காங்கயம், வெள்ளகோவில் பக்கமெல்லாம் தெருநாய்கள் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துக் கொல்வது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. காங்கயம் பசு கன்றைப் புதரில் படுக்கவைத்துவிட்டுத் தனியாக மேயப் போகும் குணமுள்ளது.  கிளுவை வேலியில் சந்து இருந்தால் இப்போதே முள் வைத்து அடையுங்கள். சாயங்காலம் மாடு தனியாகப் படலுக்கு வந்து நின்றால் கன்றைத் தேடிப் பார்த்துவிட்டுத்தான் மறுவேலை.

இப்போது அத்தையின் பேச்சுக்கு வருவோம். இளங்கொடி விழும்வரை பால் கொடுக்கக் கூடாது என்ற நம்பிக்கை ஊர் ஊராக இருக்கிறது, அத்தையைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் காத்திருப்புதான் உங்கள் கன்றுகளை நிராயுதபாணியாகக் கிருமி முன்னால் நிறுத்தியது என்று நினைக்கிறேன். மனிதக் குழந்தை தாய் வயிற்றுக்குள் இருக்கும்போதே தாயின் நோய் எதிர்ப்புப் பொருளை வாங்கிக்கொண்டு பிறக்கிறது. மாட்டின் நஞ்சுக்கொடி அமைப்பு அதை விடாது, கன்று வெறுங்கையோடு பிறக்கிறது. அதற்கு வேண்டியது முழுவதும் சீம்பாலில்தான் இருக்கிறது. அதை அப்படியே இரத்தத்துக்குள் இழுத்துக்கொள்ளும் திறன் கன்றின் குடலுக்கு முதல் சில மணி நேரம்தான் நன்றாக இருக்கும். மணிக்கு மணி குறைந்து, ஒரு நாளில் ஏறக்குறைய மூடிவிடும். கொடி விழ எட்டு மணி நேரமோ பன்னிரண்டு மணி நேரமோ ஆகலாம். அதுவரை பட்டினி போட்டு, பிறகு வயிறு முட்டக் கொடுத்தாலும் பாதிப் பலன்கூட இல்லை.

கணக்கு எளிது. கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு சீம்பால், முதல் பன்னிரண்டு மணி நேரத்துக்குள். இருபது கிலோ கன்றுக்கு இரண்டு லிட்டர். அதில் பாதி, அதாவது ஒரு லிட்டர், பிறந்த இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே போயிருக்க வேண்டும். தானே எழுந்து குடித்தால் சந்தோஷம். மடியைச் சுற்றிச் சுற்றி வந்து காம்பு கிடைக்காமல் நின்றால் நீங்கள் கறந்து புட்டியில் கொடுங்கள். தலையை அண்ணாந்து தூக்கி ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். கன்று நின்றபடி, கழுத்து இயல்பாக நீண்டபடி, தானே சப்பிக் குடிக்க வேண்டும். கொடுக்கும் முன் காம்பை வெந்நீரில் துடைத்து, முதல் இரண்டு பீச்சைத் தரையில் விடுங்கள். அத்தையிடம் சண்டை போட வேண்டாம், இதை மட்டும் சொல்லிப் பாருங்கள்: கன்று மடியை முட்டிக் குடிக்கும்போது தாயின் உடலில் ஒரு சுரப்பு ஊறும், அது பாலையும் இறக்கும், கருப்பையையும் சுருக்கும். கொடி விழ அதுவும் ஓர் உதவி. கொடி சீக்கிரம் விழ வேண்டும் என்ற ஆசை அத்தைக்கு இருந்தால் கன்றை மடியில் விடுவதே நல்லது.

சீம்பால் கேட்டு அக்கம்பக்கத்தில் கிண்ணத்தோடு வருவார்கள். கன்று குடித்த மிச்சம்தான் அவர்களுக்கு என்று கறாராகச் சொல்லிவிடுங்கள். அதற்கும் முன்னால், நன்றாகச் சுரக்கும் ஒரு மாட்டின் முதல் கறவையில் ஒரு லிட்டரைச் சுத்தமான பாட்டிலில் ஊற்றி, தேதி எழுதி, பிரிட்ஜின் ஐஸ் பெட்டியில் வைத்துவிடுங்கள். பருவம் முடியும்வரை தாங்கும். தாய் செத்தாலோ, கிடேரி கன்றை அண்டவிடாமல் உதைத்தாலோ அது கைகொடுக்கும். உருக்கும்போது அடுப்பில் வைக்கக் கூடாது, கை பொறுக்கும் வெந்நீரில் பாட்டிலை நிறுத்துங்கள். காய்ச்சினால் திரிந்து போவதோடு அந்த எதிர்ப்புப் பொருளும் வீணாகிவிடும். அப்புறம், கலப்பினப் பசுவை ஈனுவதற்கு அறுபது நாள் முன்பே கறவையை வற்றவிட வேண்டும். கடைசிவரை கறந்த மாட்டுக்குச் சீம்பால் நன்றாகத் திரளாது.

தொப்புளும் முக்கியம். கொடி தானாக அறுந்து தொங்கினால் அப்படியே விட்டு, டிங்சர் அயோடினை ஒரு சின்னக் கிண்ணத்தில் ஊற்றித் தொப்புள் கொடி முழுக்க நனையும்படி முக்கி எடுங்கள். இரத்தம் வந்தாலோ மிக நீளமாகத் தொங்கினாலோ மட்டும், உடம்பிலிருந்து இரண்டு அங்குலம் விட்டு, அயோடினில் நனைத்த நூலால் கட்டிப் புது பிளேடால் வெட்டலாம். மூன்று நாள் காலையும் மாலையும் முக்க வேண்டும். சாணியோ சாம்பலோ வைத்தால் கிருமிக்கு நாமே வாசல் திறந்து விடுகிறோம் என்று அர்த்தம். பத்து நாள் கழித்து முழங்கால் வீங்கிக் கன்று நொண்டினால் அது பெரும்பாலும் தொப்புள் வழியாகப் போன சீழ்தான். கீழே விழுந்த அடி என்று எண்ணெய் தேய்த்துக்கொண்டு இருக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஏழாவது கன்றைப் பற்றி எழுதும்போது கொஞ்சம் கடுமையாக எழுத வேண்டியிருக்கிறது. நாலு பேர் இழுத்தார்கள் என்கிறீர்கள். நாலு பேர் பலம் தேவைப்பட்டது என்றால் கன்று வரும் வாகு சரியில்லை, அல்லது கிடேரியின் இடுப்புக்குக் கன்று பெரிது. இரண்டுமே இழுத்துத் தீர்க்கிற விஷயம் இல்லை.

ஈனப்போகும் மாட்டுக்கு வால் அடிப்பக்கம் இரண்டு பக்கமும் குழி விழும், மடி இறுகிக் காம்பு திரண்டு நிற்கும், மந்தையை விட்டு ஒதுங்கும், படுத்துப் படுத்து எழும். இந்தக் கட்டம் பசுவுக்கு இரண்டிலிருந்து ஆறு மணி நேரம், தலையீத்துக் கிடேரிக்கு இன்னும் கூடும். இதில் நீங்கள் செய்ய ஒன்றுமில்லை, தள்ளி நின்று பாருங்கள். கூட்டம் போட்டால் மாடு பயந்து முக்குவதை நிறுத்திவிடும். தண்ணீர்க்குடம் தெரிந்த நேரத்திலிருந்துதான் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். ஈன்று பழகிய பசு ஒரு மணி நேரத்துக்குள் போட்டுவிடும். கிடேரிக்கு இரண்டு மணி வரை போகலாம், ஆனால் அரைமணிக்கு அரைமணி ஏதாவது முன்னேற்றம் கண்ணில் தெரிய வேண்டும். ஒரே இடத்தில் நின்றுவிட்டால் மருத்துவரைக் கூப்பிட்டுவிடுங்கள். 1962 என்ற இலவச எண்ணில் அழைத்தால் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தி வரும், அந்த எண்ணைக் கொட்டகைச் சுவரில் கரியால் எழுதி வையுங்கள்.

எது சரியான வாகு? இரண்டு முன்னங்கால் குளம்பும் முன்பின்னாக, அடிப்பாகம் தரையைப் பார்த்தபடி வரும். அவற்றின் மேல் மூக்கு படுத்திருக்கும். இப்படியிருந்தால் பெரும்பாலும் நீங்கள் தொடவே வேண்டியதில்லை. குளம்பின் அடி வானத்தைப் பார்த்தால் அநேகமாகப் பின்னங்கால், கன்று பின்புறமாக வருகிறது. இதுவும் பிறக்கும், ஆனால் இடுப்பு வெளியே வந்த பிறகு தாமதம் கூடாது, உள்ளே தொப்புள் கொடி நசுங்கித் தலை வெளிவரும் முன்பே மூச்சு முட்டிவிடும். கால் இரண்டும் வந்து தலை இல்லை, தலை வந்து ஒரு கால் மட்டும், வால் மட்டும் கைக்குத் தட்டுப்படுகிறது என்பதெல்லாம் நீங்கள் இழுக்கக் கூடாதவை. தண்ணீர்க்குடமே தெரியாமல் அரை நாளாக மாடு நிலைகொள்ளாமல் இருந்தாலும் காத்திருக்காதீர்கள். சில சமயம் கன்று வால் பக்கமாக அடைத்துக்கொண்டு நிற்கும், வெளியே எதுவும் தெரியாது.

வாகு சரியாக இருந்து, மாடு களைத்துவிட்டது என்றால் மட்டும் உதவலாம். நகம் வெட்டி, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, தேங்காய் எண்ணெய் தாராளமாகத் தடவி, இரண்டு பேருக்கு மேல் வேண்டாம். மாடு முக்கும்போது மட்டும் இழுத்து, அது ஓயும்போது நீங்களும் ஓய வேண்டும். இரண்டு காலையும் சேர்த்து இழுக்காமல் ஒன்று மாற்றி ஒன்று கொஞ்சம் கொஞ்சமாக. தலை வெளியே வந்த பிறகு மாட்டின் குளம்பை நோக்கிக் கீழ்ப்பக்கமாக இழுங்கள். பத்து நிமிடத்தில் வரவில்லையா, கையை எடுத்துவிடுங்கள்.

கன்று விழுந்ததும் பின்னங்காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிடும் வழக்கம் உண்டு. வாயில் வழியும் தண்ணீர் பாதிக்கு மேல் வயிற்றிலிருந்து வருவது, குடல் சரிந்து நுரையீரலை அழுத்தி மூச்சு இன்னும் சிரமப்படும். அதற்குப் பதில் மூக்கையும் வாயையும் விரலால் வழித்துவிட்டு, கன்றை நெஞ்சு தரையில் படும்படி நிமிர்த்தி உட்காரவையுங்கள். ஒரு வைக்கோல் துரும்பை மூக்குத் துளைக்குள் விட்டுக் குடையுங்கள், தும்மினால் மூச்சு வந்துவிடும். சாக்கால் முரட்டுத்தனமாகத் தேய்த்துவிடுங்கள், தாய் நக்க வந்தால் நீங்கள் விலகிக்கொள்ளுங்கள். அடுத்த முறை கிடேரிக்கு ஊசி போடும்போது பெரிய இனத்துக் காளை வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இராத்திரி விழிப்பதுதான் கஷ்டம் என்பீர்கள். கனடாவின் மனிடோபா மாநிலத்தில் கஸ் கோனஃபல் என்ற மாட்டுக்காரர் 1970-களில் சினைமாட்டுக்குத் தீனியை நடுப்பகலிலும் இரவு பத்து மணி வாக்கிலும் போட்டால் பகலில் ஈனும் மாடு கூடுகிறது என்று கவனித்தார். பிறகு பலரும் செய்து பார்த்து ஒத்துக்கொண்டார்கள். மேய்கிற காங்கயத்துக்கு இது அவ்வளவு ஒத்துவராது. கட்டுத்தீனி தின்னும் கலப்பினத்துக்குச் சோளத்தட்டைக் காலையில் போடாமல் இருட்டும் நேரத்தில் போட்டுப் பாருங்கள். காசு செலவில்லை.

இளங்கொடி பன்னிரண்டு மணி நேரத்தில் விழவில்லை என்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள். செங்கல்லோ பழைய செருப்போ கட்டித் தொங்கவிடுவதும் கையால் பிடுங்குவதும் வேண்டவே வேண்டாம். கருப்பை கிழிந்து இரத்தம் போகும், அடுத்த சினையும் தள்ளிப்போகும். விழுந்த கொடியை வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டும் வழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால், ஆழக் குழி தோண்டிப் புதைப்பதையே நான் விரும்புவேன். மாதம் நிறையாமல் சினை விழுந்திருந்தால் கட்டாயம் புதைக்க வேண்டும், சுண்ணாம்பு போட்டு, கையுறை போட்ட கையால். புரூசெல்லோசிஸ் என்ற கருச்சிதைவு நோயாக இருந்தால் அது மனிதருக்கும் வரும், மாதக்கணக்கில் விட்டு விட்டுக் காய்ச்சல் அடிக்கும்.

ஜெர்சிக்கு இன்னொரு ஆபத்து, பால் காய்ச்சல். பெயர்தான் காய்ச்சல், உடம்பு சில்லிட்டுப் போகும். ஈன்ற மூன்று நாளைக்குள் மாடு தள்ளாடிப் படுத்து, கழுத்தை வளைத்து விலாவில் சாய்த்துக்கொண்டு, காது குளிர்ந்து கிடந்தால் இரத்தத்தில் கால்சியம் இறங்கிவிட்டது. மருத்துவர் நரம்பில் மெல்ல ஏற்றும் கால்சியம்தான் மருந்து, பல மாடுகள் அப்போதே எழுந்து நிற்கும். அவர் வருவதற்குள் படுத்த மாட்டின் வாயில் கஷாயமோ எண்ணெயோ ஊற்றாதீர்கள், விழுங்கும் பலம் அதற்கு இருக்காது. முதல் இரண்டு மூன்று நாள் மடியை ஒட்டக் கறக்காமல் இருப்பது நல்லது.

இவ்வளவும் செய்தும் ஒரு கன்று கழிகிறது என்று வையுங்கள். கன்றைக் கொல்வது பெரும்பாலும் தண்ணீர் வற்றிப்போவதுதான். உடலில் நூற்றுக்கு எட்டுப் பங்கு நீர் போனால் கண் குழிந்துவிடும், இருபது கிலோ கன்றுக்கு அது ஒன்றரை லிட்டருக்குச் சற்று மேல். போனதைத் திருப்பி ஊற்ற வேண்டும். மருந்துக்கடையில் மனிதருக்கு விற்கும் ஓ.ஆர்.எஸ். பொடியே போதும், ஒரு லிட்டருக்கான பாக்கெட்டைக் கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் கரைத்து, வெதுவெதுப்பாக அரை அரை லிட்டராக நாளைக்கு நாலைந்து தடவை கொடுங்கள். பாலை நிறுத்தாதீர்கள். கழிகிறதே என்று இரண்டு நாள் பால் கொடுக்காமல் போட்டால் கன்று பசியிலேயே போய்விடும். பாலை வழக்கமான நேரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து, நடுவில் இரண்டு மணி நேரம் இடைவெளி விட்டு ஓ.ஆர்.எஸ். தண்ணீர்.

கணவர் ஆன்டிபயாடிக் மாத்திரை வாங்கி வைத்திருந்தால் அதை எடுத்து உள்ளே வையுங்கள். ரோட்டாவுக்கும் கொரோனாவுக்கும் கிரிப்டோவுக்கும் அது வேலை செய்யாது. அதற்குப் பதில் டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்குங்கள். ஆசனவாயில் வைத்துப் பார்த்தால் நல்ல கன்றுக்கு 101-லிருந்து 103 டிகிரி பாரன்ஹீட் இருக்கும். 103.5-ஐத் தாண்டினாலும், 100-க்குக் கீழே போனாலும், கழிச்சலில் இரத்தம் தெரிந்தாலும், எழுந்து நிற்க முடியாவிட்டாலும், வாய்க்குள் விரல் விட்டால் சப்பாமல் வாய் குளிர்ந்திருந்தாலும் ஓ.ஆர்.எஸ். மட்டும் போதாது, மருத்துவரைக் கூப்பிட வேண்டும். இதில் 100-க்குக் கீழே போவதுதான் அதிக அவசரம். கழிகிற கன்றை மற்றவற்றிலிருந்து பிரித்துத் தனி வாளி, தனிப் புட்டி வையுங்கள். நல்ல கன்றுகளுக்கு வேலை செய்துவிட்டுக் கடைசியாகத்தான் நோய்க் கன்றிடம் போக வேண்டும்.

பத்தாம் நாள் வாக்கில் ஒரு முறை குடற்புழு மருந்து கேட்டு வாங்கிக் கொடுங்கள். ஒரு வகை உருண்டைப் புழு தாயின் பாலிலேயே கன்றுக்கு வந்துவிடும், அதனால் புல் கடிக்காத கன்றுக்கு ஏது புழு என்று இருக்க முடியாது. கலப்பினக் கன்றுக்கு உண்ணி இருக்கிறதா என்று வாரம் ஒரு முறை காது மடலையும் வாலடியையும் தடவிப் பாருங்கள். கன்றுக்கு நாலு மாதம் ஆனதும் கோமாரித் தடுப்பூசி. பிழைத்த நாலில் கிடேரிக் கன்று இருந்து இன்னும் எட்டு மாதம் தாண்டவில்லை என்றால் கருச்சிதைவு நோய்த் தடுப்பூசியை உடனே கேட்டுப் போட்டுவிடுங்கள். நாலிலிருந்து எட்டு மாதத்துக்குள் ஒரே ஒரு முறை போடுவது அது, கிடேரிக்கு மட்டும். தேசியக் கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் அரசு கால்நடை மருந்தகத்தில் இலவசமாகவே போடுகிறார்கள்.